வெட்டிய கரி வெளியே வரும் வழி: நிலத்தடிச் சுரங்கப் போக்குவரத்தும் அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தும்

2020 செப்டம்பர் 27 அன்று சீனாவின் சோங்சிங் பகுதியில் உள்ள சோங்சாவ் நிலக்கரிச் சுரங்கத்தில் 17 பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் 16 பேர் இறந்துபோனார்கள். கூரை இடியவில்லை, கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு வெடிக்கவில்லை. கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட் எரிந்ததால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அளவுக்கு மீறிப் பரவியது என்று செய்திகள் வந்தன. படித்தவர்களுக்கு இயல்பாகவே ஒரு குழப்பம்: பெல்ட்தானே எரிந்தது, விலகி ஓடியிருக்க முடியாதா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், வெட்டிய கரி சுரங்கத்துக்குள் எதன் மேல் ஏறி எந்த வழியாக வெளியே வருகிறது என்பதையும், மூச்சுக் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல சுரங்கங்களில் இரண்டுக்கும் ஒரே பாதைதான்.

முதலில் சில அடிப்படைகள்

கரியை வெட்டும் இடத்தை வெட்டுமுகம் என்போம். அது சுரங்க வாயிலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். அங்கே வெட்டிய கரி மூன்று கட்டங்களைக் கடந்துதான் தரைக்கு வருகிறது.

1. வெட்டுமுகத்திலிருந்து பக்கத்துப் பாதைக்கு. தூரம் சில நூறு மீட்டருக்குள் இருக்கும்.
2. அந்தப் பாதையிலிருந்து முதன்மைப் பாதை வழியாக வாயிலின் அடிவரைக்கும். இதுதான் நீண்ட பயணம். சுரங்கப் போக்குவரத்து என்றால் முக்கியமாக இந்தக் கட்டத்தைத்தான் சொல்கிறார்கள்.
3. அடியிலிருந்து தரைக்கு. வாயில் செங்குத்துக் குழியாக இருந்தால் கூண்டிலோ ஸ்கிப் எனப்படும் பெரிய பெட்டியிலோ ஏற்றித் தூக்குவார்கள். சாய்வுப் பாதையாக இருந்தால் இரண்டாம் கட்டத்தின் வண்டியோ பெல்ட்டோ நேராக வெளியே வந்துவிடும்.

கரி வெட்டும் முறைகளும் இரண்டு உண்டு. தூண்-அறை முறையில், கூரையைத் தாங்கக் கரியையே தூண்களாக விட்டுவிட்டு இடையில் உள்ளதை மட்டும் எடுப்பார்கள். அங்கே வெட்டுமுகங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்; அதனால் கரியைப் பொறுக்கிச் சேர்ப்பதே ஒரு வேலை. நெடுமுக முறையில் சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே முகத்தை இயந்திரம் சீவிக்கொண்டே போகும். பின்னால் கூரையை விழ விட்டுவிடுவார்கள். பெரிய நெடுமுகங்களில் மணிக்கு 2,000 டன்னுக்கு மேல் கரி கொட்டும். அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போக வழி இல்லையென்றால் வெட்டும் இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தும் பயன் இல்லை, அது நின்றுதான் ஆக வேண்டும். ஒரு சுரங்கத்தின் உற்பத்தியை முடிவு செய்வது பெரும்பாலும் வெட்டும் வேகம் அல்ல, வெளியே கொண்டுவரும் வேகம்.

முதுகில் தொடங்கிய கதை

தண்டவாளமும் இயந்திரமும் வருவதற்கு முன்னால் மனிதர்கள்தான் சுமந்தார்கள். ஸ்காட்லாந்தில் பெண்கள் கரிக்கூடையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணிகளில் ஏறினார்கள். இங்கிலாந்தில் சிறுவர் சிறுமியர் இடுப்பில் தோல்வாரும் சங்கிலியும் மாட்டி, நிமிர முடியாத பாதைகளில் தவழ்ந்தபடி வண்டி இழுத்தார்கள். 1842-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம் பெண்களும் 10 வயதுக்குக் கீழான சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்வதைத் தடை செய்தது. அவர்களுடைய இடத்துக்குக் குட்டைக் குதிரைகள் அதிகமாக வந்தன. 1913 வாக்கில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் சுமார் 70,000 குதிரைகள் இருந்தன. இயந்திரங்கள் வந்த பிறகும் குதிரைகள் வெகுகாலம் நீடித்தன. நீண்ட முதன்மைப் பாதையில் இயந்திரத்தை வைப்பது எளிது. வளைந்து நெளிந்து தினமும் இடம் மாறும் வெட்டுமுகப் பாதைக்கு அது அவ்வளவு எளிதில் வரவில்லை.

வடம் இழுக்கும் வண்டிகள்

இயந்திர யுகத்தின் முதல் பெரிய முறை எஃகு வடம். தண்டவாளத்தின் மேல் டப் எனப்படும் சிறு தொட்டி வண்டிகள் நிற்கும். ஒவ்வொன்றும் அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை கரி பிடிக்கும். வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்ற இயந்திரம் அவற்றை இழுக்கும். இதில் நான்கு வகை உண்டு. எந்த வகை என்பதை நிலத்தின் சரிவே தீர்மானிக்கிறது.

1. நேர் வட முறை. சரிவின் மேலே ஒரு வின்ச், ஒரே ஒரு வடம். கரி நிரம்பிய வண்டிகளை இழுத்து ஏற்றும். காலி வண்டிகள் தம் எடையாலேயே இறங்கும்போது வடத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் போதுமான சரிவு இல்லையென்றால் காலி வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும்.
2. முன்வடம்-பின்வடம் முறை. பாதை ஏறியும் இறங்கியும் போனால் எடையை நம்ப முடியாது. எனவே முன்பக்கம் ஒரு வடம், பின்பக்கம் ஒரு வடம். வடம் சுற்றிய ஒரு டிரம் இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும்.
3. முடிவிலா வட முறை. இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிய வடம் மெதுவாக ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டைத் தண்டவாளத்தில், ஒரு பக்கம் நிறைந்த வண்டிகளும் மறுபக்கம் காலி வண்டிகளும் குறிப்பிட்ட இடைவெளியில் வடத்தோடு கிளிப் போட்டு மாட்டப்படும்.
4. ஈர்ப்பு முறை. கரி கீழ்நோக்கித்தான் போக வேண்டும் என்றால் இயந்திரமே வேண்டாம். இறங்கும் நிறை வண்டி, கப்பி வழியாகக் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். பிரேக் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவதுதான் பின்னால் வரப்போகும் மாற்றத்துக்கு முன்னோடி. நேர் வட முறையில் ஒரு தொடர் வண்டி வந்து சேர்ந்து, திரும்பிப் போய், மறுபடி நிரம்பி வரும் வரை வேலை காத்திருக்கும். தூரம் கூடக் கூட அந்தக் காத்திருப்பும் கூடும். முடிவிலா வடத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. 20 மீட்டருக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு டன், வடத்தின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 நொடிக்கு ஒரு டன் வந்து விழும். மணிக்கு 180 டன். பாதை 500 மீட்டராக இருந்தாலும் 3 கிலோமீட்டராக இருந்தாலும் அதே 180 டன்தான். நிற்காமல் ஓடுவது, வேகமாக ஓடுவதை வென்றுவிடுகிறது.

அறுந்த வண்டி

வட முறையின் பெரிய அபாயம் வண்டி கழன்று ஓடுவது. வடம் அறுந்தாலோ, இணைப்புக் கொக்கி விடுபட்டாலோ, மாட்டாமலேயே வண்டியைச் சரிவில் தள்ளிவிட்டாலோ இது நடக்கும். ஆறுக்கு ஒன்று சரிவில், அதாவது 6 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் பாதையில், அப்படிக் கழன்ற வண்டி 100 மீட்டர் ஓடி முடிக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்திருக்கும். எடுத்துக்கொள்ளும் நேரம் 11 நொடிதான். குறுகிய பாதையில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒருவர் அதைக் கேட்டுப் புரிந்து ஒதுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால்தான் வடப் பாதைகளில் இத்தனை காவல்கள் வைக்கிறார்கள்:

1. சரிவின் தலைப்பில் தடுப்புக் கட்டை. அதை விலக்காமல் எந்த வண்டியும் சரிவில் இறங்க முடியாது.
2. அதற்குக் கொஞ்சம் கீழே, கழன்ற வண்டியை வேண்டுமென்றே தண்டவாளத்திலிருந்து தள்ளிவிடும் மாற்றுத் தண்டவாளம்.
3. மேலேறும் தொடரின் கடைசி வண்டியில் பின்னால் இழுபட்டு வரும் இரும்புக் கம்பி. வண்டி பின்வாங்கினால் அது தரையில் குத்தி நிறுத்தும் அல்லது கவிழ்க்கும்.
4. பாதைச் சுவரில் குறிப்பிட்ட இடைவெளியில் குடையப்பட்ட ஒதுங்கிடங்கள். வண்டி ஓடும்போது நடப்பவர்கள் இவற்றுக்குள் நிற்க வேண்டும். வடம் ஓடும்போது பாதையில் நடக்கவே கூடாது என்ற விதியும் பரவலாக உண்டு.

வெடிவிபத்துகள் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். ஒன்றிரண்டு பேராக மாண்டவர்களின் கணக்கு அப்படி வராது. பிரிட்டிஷ் சுரங்கங்களின் நீண்ட வரலாற்றில் கூரை சரிவுக்கு அடுத்தபடியாக ஆட்களைக் கொன்றது போக்குவரத்து விபத்துகள்தான். இது இன்றும் போதிய கவனம் பெறாத விஷயம் என்பது என் கருத்து.

லோகோ: சரிவோடு ஒரு கணக்கு

அடுத்து வந்தவை பேட்டரியிலும் டீசலிலும் ஓடும் லோகோக்கள், அதாவது தண்டவாளத்தில் வண்டிகளை இழுக்கும் எஞ்சின்கள். சில இடங்களில் அழுத்தக் காற்றாலும் மேலே கட்டிய மின்கம்பியாலும் ஓடியவையும் இருந்தன. மின்கம்பியில் பொறி பறக்கும் என்பதால் மீத்தேன் சேரக்கூடிய இடத்தில் அது ஆகாது. டீசல் எஞ்சினுக்கும் தீப்பொறி தடுப்பும், புகையைக் குளிர்வித்துக் கழுவும் அமைப்பும் கட்டாயம். லோகோவுக்கு மூன்று நான்கு டன் பிடிக்கும் பெரிய வண்டிகளை மாட்டலாம், திருப்பங்களில் பாதை மாற்றலாம், ஆட்களையும் சாமான்களையும் ஏற்றலாம். அப்படியானால் ஏன் எல்லாச் சுரங்கத்திலும் லோகோ இல்லை?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் லோகோவால் இழுக்க முடியும். அந்தப் பிடிப்பை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைப்போம். 10 டன் லோகோவுக்கு 2,000 கிலோ இழுவிசை கிடைக்கும். சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட சுமார் 10 கிலோ விசை போதும். சரிவு என்றால் ஈர்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

1. சமதளம்: டன்னுக்கு 10 கிலோ. லோகோவையும் சேர்த்து 200 டன் வரை இழுக்கலாம்.
2. ஐம்பதுக்கு ஒன்று சரிவு: டன்னுக்கு 30 கிலோ. மொத்தம் 66 டன்.
3. இருபதுக்கு ஒன்று: டன்னுக்கு 60 கிலோ. மொத்தம் 33 டன். அதில் 10 டன் லோகோவே.
4. பத்துக்கு ஒன்று: டன்னுக்கு 110 கிலோ. மொத்தம் 18 டன். லோகோ கிட்டத்தட்டத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகிறது.

கண்ணுக்குச் சமதளம் போலவே தெரியும் ஐம்பதுக்கு ஒன்று சரிவிலேயே சுமை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது, பாருங்கள். இறங்கும்போது இதைவிடச் சிக்கல். பிரேக்கும் அதே பிடிப்பை நம்பித்தான் இருக்கிறது. தண்டவாளத்தில் ஈரமும் கரித்தூளும் குழைந்து கிடந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் அமைப்பு இதற்காகத்தான். 1978 நவம்பரில் இங்கிலாந்தின் பென்ட்லி சுரங்கத்தில், வேலை முடிந்து திரும்பியவர்களை ஏற்றி வந்த டீசல் ரயில் சரிவில் கட்டுப்பாடு இழந்து வளைவில் தடம்புரண்டது. 7 பேர் இறந்தார்கள்.

பெல்ட் வந்த பிறகு

நிலத்தடிக்கென்று கன்வேயர் பெல்ட்டை 1905-ல் வடிவமைத்தவர் ரிச்சர்ட் சட்க்ளிஃப் என்ற அயர்லாந்துப் பொறியாளர். முடிவிலா வடத்தின் அதே எண்ணம்தான். வண்டியும் கிளிப்பும் மாட்டிக் கழற்றும் ஆட்களும் இல்லை. உருளைகளின் மேல் குழிவாக ஓடும் பெல்ட்டில் கரியின் குறுக்குவெட்டு 0.1 சதுர மீட்டர், வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், கொட்டிய கரியின் எடை கன மீட்டருக்கு 0.85 டன் என்றால், மணிக்கு சுமார் 765 டன் வரும். இது நடுத்தர பெல்ட்தான். முன்பு பார்த்த வடத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். சுமார் 16 முதல் 18 டிகிரி வரை சரிவிலும் கரி வழுக்காமல் ஏறும்.

வெட்டுமுகத்தில் மட்டும் ரப்பர் பெல்ட் தாங்காது. அங்கே எஃகுத் தொட்டிக்குள் சங்கிலியும் குறுக்குக் கம்பிகளும் கரியை இழுத்துவரும் கவசக் கன்வேயர் கிடக்கும். வெட்டும் இயந்திரமே அதன் முதுகில்தான் ஓடும். தூண்-அறைச் சுரங்கங்களில் இந்த முதல் கட்டத்தை ஷட்டில் கார் என்ற தாழ்ந்த மின்வண்டிகளும், அள்ளிக் கொட்டும் லோடர்களும் செய்கின்றன.

பெல்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் செல்பி சுரங்கத் தொகுதி நல்ல உதாரணம். ஐந்து சுரங்கங்களின் கரியையும் நிலத்தடியிலேயே பெல்ட்டில் சேர்த்து, கேஸ்கோயின் வுட் என்ற ஒரே இடத்தில் சாய்வுப் பாதை வழியாக மேலே கொண்டுவந்தார்கள். 2004-ல் அது மூடப்பட்டது.

பெல்ட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. முதன்மைப் பாதையில் ஆறு பெல்ட்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொட்டுகின்றன என்று வைப்போம். ஒவ்வொன்றும் 97 சதவீத நேரம் பழுதில்லாமல் ஓடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும் என்பதால் ஆறும் சேர்ந்து ஓடுவது சுமார் 83 சதவீத நேரம்தான். இதைச் சமாளிக்க இடையில் நிலத்தடிக் கரிக் கிடங்குகள் வைக்கிறார்கள். முன்னால் உள்ள பெல்ட் நின்றாலும் பின்னால் உள்ளது கொஞ்ச நேரம் அதில் கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

பெல்ட் எப்படித் தீப்பிடிக்கிறது

ஒரு கிலோமீட்டர் பெல்ட்டுக்குக் கீழே உருளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் மூன்று வழிகளில் தீ தொடங்குகிறது:

1. ஓர் உருளையின் பேரிங் இறுகிச் சுழலாமல் நின்றுவிடும். பெல்ட் அதன் மேல் உரசிக்கொண்டே ஓடும். கீழே சிந்திய கரித்தூள் குவிந்திருந்தால் அதுவே முதல் விறகு.
2. பெல்ட் எங்காவது சிக்கி நின்றுவிடும், ஆனால் அதை இழுக்கும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் உராய்ந்து பெல்ட் கருகும்.
3. பெல்ட் ஒரு பக்கமாக விலகி, இரும்புச் சட்டத்தையோ மரத்தையோ அறுத்துக்கொண்டு ஓடும்.

ஓடும் வரைக்கும் சூடு பல இடங்களுக்குப் பகிர்ந்து போகிறது. வேலை முடிந்து பெல்ட்டை நிறுத்திவிட்டு ஆட்கள் கிளம்பிய பிறகு, சூடான உருளையின் மேல் பெல்ட் அசையாமல் கிடக்கிறது. அப்போதுதான் தீ பிடிக்க வாய்ப்பு அதிகம். நிறுத்திய பிறகும் பாதை நெடுக ஒருவர் நடந்து பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆட்குறைப்பில் முதலில் வெட்டப்படும் வேலையும் இதுவாகவே இருப்பது கவலைக்குரியது.

1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி கொட்டும் இடத்தில் கிழிந்த பெல்ட் அடைத்துக்கொண்டு உராய்ந்து தீப்பிடித்தது. 80 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கார்பன் மோனாக்சைடுதான் கொன்றது. அதன் பிறகே எளிதில் எரியாத பிவிசி பெல்ட்கள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் பரவலாக வந்தன. அப்படிப்பட்ட பெல்ட்டுக்கு ஒரு கடுமையான சோதனை உண்டு: சுற்றும் டிரம்மின் மேல் பெல்ட்டை அசையாமல் இறுக்கிப் பிடித்து, அறும் வரை உராயவிடுவார்கள், சுடரும் கனலும் வரக் கூடாது. ஆனாலும் பக்கத்தில் கரியே எரிந்தால் இந்தப் பெல்ட்டும் எரியும், நச்சுப் புகையும் விடும். எளிதில் எரியாதது என்பதை எரியவே எரியாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றின் திசை

இப்போது தொடக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். சுரங்கத்துக்குள் நல்ல காற்று ஒரு பாதையில் உள்ளே போய், வெட்டுமுகத்தைக் கடந்து, மீத்தேனையும் தூசியையும் வாரிக்கொண்டு வேறொரு பாதையில் வெளியேறுகிறது. பெல்ட்டின் மோட்டார்களை மீத்தேன் கலந்த காற்றில் வைப்பது ஆபத்து. அதனால் பல சுரங்கங்கள் பெல்ட்டை நல்ல காற்று வரும் பாதையில் வைக்கின்றன. மோட்டார்களுக்கு இது பாதுகாப்பு. ஆனால் அந்தப் பெல்ட்டில் தீப்பிடித்தால் புகை நேராக வெட்டுமுகத்துக்கு, அதாவது ஆட்கள் அதிகம் இருக்கும் இடத்துக்குப் போகும். காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவரைப் புகை சுமார் 8 நிமிடத்தில் எட்டிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவர் வெளியே ஓட வேண்டிய வழியும் அதே புகைப் பாதையாக இருக்கலாம்.

கழன்ற வண்டி தன் பாதையில் நிற்பவரைத்தான் தாக்கும். பெல்ட் தீயோ அதைப் பார்க்காதவரை, கேட்காதவரை, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரைத் தேடிப் போகிறது.

இதனால்தான் பாதைகளுக்கு இடையே கட்டும் தடுப்புச் சுவர்கள் உயிர்நாடி. 2006 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அரகோமா ஆல்மா சுரங்கத்தில், விலகி ஓடிய பெல்ட் உராய்ந்து தீப்பிடித்தது. பெல்ட் பாதைக்கும் தப்பிக்கும் பாதைக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய சுவர்கள் இல்லை. புகை தப்பிக்கும் பாதைக்குள்ளேயே புகுந்தது; 2 பேர் இறந்தார்கள். தீயணைக்கும் குழாயில் தண்ணீரும் வரவில்லை.

சில சுரங்கங்கள் இதைத் தலைகீழாக அமைக்கின்றன. கரி போகும் திசையிலேயே காற்றையும் விட்டு, பெல்ட்டை வெளியேறும் காற்றுப் பாதையில் வைக்கிறார்கள். தீப்பிடித்தால் புகை வெளியேதான் போகும். கரியும் காற்றும் ஒரே திசையில் போவதால் தூசியும் குறைவாகவே கிளம்பும். ஆனால் மோட்டார்களும் மின்கம்பிகளும் மீத்தேன் கலந்த காற்றில் இருக்க வேண்டியிருக்கும். அதற்கேற்ற வெடிகாப்புப் பெட்டிகளும் மீத்தேன் அளவு ஏறினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் கருவிகளும் வேண்டும். மீத்தேன் குறைவான சுரங்கத்துக்கு இது நல்ல வழி. அதிகமான சுரங்கத்துக்கு அப்படியே பொருந்தாது.

கண்காணிப்பும் கரித்தூளும்

இப்போதைய பெல்ட் பாதைகளில் வைக்கும் கருவிகள் பல. டிரம் சுற்றியும் பெல்ட் நகராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் கருவி, பெல்ட் விலகினால் காட்டும் சுவிட்ச், பாதை நெடுக ஓடும் அவசர இழுகயிறு, டிரம் அருகே தானாகத் திறக்கும் நீர்த் தெளிப்பான். எல்லாவற்றையும்விட முக்கியமானது கார்பன் மோனாக்சைடு உணரி. புகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, உருளை புகைய ஆரம்பிக்கும்போதே, அது மேலே உள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடும். அந்த எச்சரிக்கை கிடைத்தவுடன் வெட்டுமுகத்தில் இருப்பவர்களை வெளியேற்றும் அதிகாரம் அறையில் இருப்பவருக்கு இருக்க வேண்டும். கருவி சொல்லி, மனிதர்கள் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தால் மேலே சொன்ன 8 நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

கரித்தூள் இன்னொரு தனிப் பிரச்சினை. பெல்ட் கொட்டும் இடங்களில் கிளம்பும் மென்தூள் பாதை நெடுகப் படிகிறது. எங்கோ சிறிய மீத்தேன் வெடிப்பு நடந்தால் அதன் அதிர்ச்சி இந்தத் தூளைக் காற்றில் எழுப்பிப் பற்றவைக்கும். வெடிப்பு போக்குவரத்துப் பாதையிலேயே ஓடிச் சுரங்கம் முழுவதையும் பிடிக்கும். 1906-ல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரைக் கொன்றது கரித்தூள் வெடிப்புதான். கொட்டும் இடத்தில் நீர் தெளிப்பது, சிந்தியதை அன்றன்றே அள்ளுவது, பாதையில் சுண்ணாம்புக்கல் தூள் தூவுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் காப்பு. சுண்ணாம்புக்கல் எரியாது, கரித்தூளோடு கலந்து எழும்போது வெப்பத்தை உறிஞ்சிச் சுடர் பரவுவதைத் தடுத்துவிடும். புதிய கரித்தூள் அதன் மேல் படிந்துகொண்டே இருப்பதால் இந்தத் தூவலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெல்ட்டில் ஓடும் கரி கூடினால் தூவும் அளவையும் அதோடு கூட்ட வேண்டும்.